.308 மான் தோட்டா: வேகத்தைப் பிடிப்பதா, குரூப்பைப் பிடிப்பதா?

மலைக்காட்டான் (டெக்சாஸ்)

வணக்கம். ஆறு வருஷமாக வீட்டு கராஜில் உட்கார்ந்து, கேஸ் என்கிற பித்தளைக் கூட்டில் வெடிமருந்தும் குண்டும் வைத்து எனக்கான தோட்டாவை நானே அடைத்துக்கொள்கிறேன். துப்பாக்கி .308 வின்செஸ்டர், 22 அங்குலக் குழல். குண்டின் எடை 165 கிரெய்ன் (சுமார் 10.7 கிராம்), ஈயத்தின் மேல் செம்பு உறை போட்ட சாதாரண வேட்டைக் குண்டு. நவம்பர் முதல் சனிக்கிழமை இங்கே வெள்ளைவால் மான் சீசன் திறக்கும். அதற்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

என்னிடம் இரண்டு லோடு, அதாவது மருந்தை எவ்வளவு போடுவது என்ற இரண்டு அடைப்புக் கணக்கு, இருக்கிறது. முதலாவது, மருந்து, குண்டு நிறுவனங்கள் வெளியிடுகிற புத்தகத்தில் போட்டிருக்கும் உச்ச அளவு மருந்தில் அடைத்தது. வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் சராசரி விநாடிக்கு 2,720 அடி. 100 யார்டில் குரூப், அதாவது சுட்ட ஓட்டைகள் பரவிய அகலம், 1¾ அங்குலம். இரண்டாவது, மருந்தை நன்றாகக் குறைத்தது. 2,590 அடி, குரூப் 0.9 அங்குலம். மூன்று ஓட்டையும் ஒரு எலுமிச்சம்பழத்துக்கு அடியில் மறைந்துவிடும்.

130 அடியை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. ஆனால் ஆகஸ்டில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அந்த வேகமான லோடை நான் ஜனவரியில், குளிரில் வைத்து முடிவு செய்தேன். அப்போது ஒரு தொந்தரவும் இல்லை. ஆகஸ்டில் மதியம் 2 மணிக்கு ரேஞ்சில் சுட்டேன். வெயில் 102 டிகிரி ஃபாரன்ஹீட். தோட்டாப் பெட்டி பெஞ்சின் மேல் திறந்தே கிடந்தது. நாலாவது தோட்டா வெடித்ததும், குழலின் பின்பக்கத்தை மூடுகிற போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கினேன், வரவில்லை. உள்ளங்கையால் கீழிருந்து இரண்டு தட்டு தட்டித்தான் திறந்தேன். வெளியே விழுந்த கேஸைக் கைக்குட்டையால் எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பினேன். மருந்தைப் பற்றவைக்கிற பிரைமர் வட்டத்தின் விளிம்பு காணாமல் போய், இஸ்திரி போட்ட மாதிரி தட்டையாகிக் கிடந்தது. கேஸின் அடியில் பொறித்த எழுத்துகளின் மேல் பிறை வடிவத்தில் ஒரு பளபளப்பு. சுட்ட கேஸை வெளியே தள்ளுகிற எஜெக்டரின் துளைக்குள் பித்தளை பிதுங்கி, போல்ட் திரும்பும்போது வழித்த தடம் அது.

அன்றைக்கு அதோடு நிறுத்தினேன். மீதி 31 தோட்டாவையும் வீட்டில், குண்டு கழற்றுவதற்கென்றே இருக்கிற சுத்தியலுக்குள் போட்டுத் தட்டிப் பிரித்துவிட்டேன். என் கேள்வி: வேறு மருந்துக்கு மாறி அதே 2,720ஐத் திரும்பப் பிடிக்கப் பார்க்கவா? இல்லை 2,590 போதும் என்று இருந்துவிடவா?

பழைய போல்ட் (கொலராடோ)

தம்பி, அந்த 31ஐயும் பிரித்துப் போட்டாயே, அதைத்தான் முதலில் பாராட்ட வேண்டும். "இன்னும் கொஞ்சம்தானே, குளிர் வந்ததும் சுட்டுக்கொள்ளலாம்" என்று அலமாரியில் வைத்துவிட்டு, அடுத்த கோடையில் மறந்துபோய் எடுத்துச் சுட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு விஷயம் கேட்கிறேன். புத்தகத்தில் அந்த உச்ச அளவுக்கு என்ன வேகம் போட்டிருக்கிறது, அது எத்தனை அங்குலக் குழலில் சுட்டது? ஜனவரிக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் எதையாவது மாற்றினாயா? கேஸ், பிரைமர், மருந்து டப்பாவின் லாட் (தயாரிப்புத் தொகுதி), எதுவானாலும் சரி.

மலைக்காட்டான்

அண்ணே, புத்தகம் சொல்வது 24 அங்குலக் குழலில் 2,715. என் 22 அங்குலத்தில் 2,720 வந்ததைப் பார்த்து நல்ல குழல் அமைந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

மாற்றம் ஒன்று உண்டு. ஜனவரியில் கடையில் வாங்கிய கேஸ். கோடையில் அடைத்தது ரேஞ்சில் பொறுக்கிய ராணுவ கேஸ். இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

பழைய போல்ட்

விடை அதிலேயே இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், புதிதாக ஆரம்பிப்பவர்களும் படிப்பார்கள்.

.308இல் குழல் ஒரு அங்குலம் குறைந்தால் சுமாராக 20 முதல் 25 அடி வேகம் போகும். ஆக 24 அங்குலத்தில் 2,715 தருகிற லோடு உன் 22 அங்குலத்தில் 2,670ஐ ஒட்டித்தான் தர வேண்டும். உனக்கு 50 அடி கூடுதலாக வந்திருக்கிறது. அது இனாமாக வராது. குண்டைத் தள்ளுவது அழுத்தம் ஒன்றுதான். அதே குண்டு, அதே மருந்து, குட்டைக் குழல், ஆனால் வேகம் கூட என்றால், உன் சேம்பரில் (தோட்டா உட்காருகிற அறையில்) புத்தகக்காரன் சேம்பரைவிட அழுத்தம் கூட இருந்தது என்று அர்த்தம். ஜனவரியிலேயே குரோனோ உன்னிடம் இதைச் சொல்லிவிட்டது.

அமெரிக்காவில் இந்த அளவுகளை வகுப்பது சாமி (SAAMI), அதாவது தோட்டா, துப்பாக்கி உற்பத்தியாளர் சங்கம். 1926இல் தொடங்கியது. .308க்கு அவர்கள் வைத்த உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. நம் கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்கள், அதாவது தட்டையான பிரைமர், எஜெக்டர் தடம், இறுகின போல்ட், இவை அந்த வரம்பில் மணி அடிப்பதில்லை. பெரும்பாலும் அதைத் தாண்டிப் போன பிறகுதான் தெரியும். எனவே "அடையாளம் ஒன்றும் இல்லை, இன்னும் ஏற்றலாம்" என்பது தப்புக் கணக்கு. மருந்து ஒரு சதவீதம் ஏறினால் வேகமும் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் ஏறும். அழுத்தம் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஏறும். உச்சத்துக்குப் பக்கத்தில் கடைசி 30 அடிக்கு நீ கொடுக்கிற விலை, கீழே முதல் 30 அடிக்குக் கொடுத்ததைவிட மிக அதிகம்.

அடுத்தது கேஸ். ராணுவ 7.62 கேஸின் சுவர் பொதுவாகத் தடிமன். வெளி அளவு ஒன்றே, உள்ளே இடம் குறைவு. அதே மருந்து சின்ன அறையில் எரிந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். கேஸை மாற்றினால் லோடை அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதன்மேல் 102 டிகிரி வெயில். மருந்து சூடேறினால் வேகமாக எரியும். சில மருந்து இதில் ரொம்ப மோசம், சில பரவாயில்லை. சுட்டுச் சுட்டுக் கொதிக்கிற சேம்பருக்குள் அடுத்த தோட்டாவைப் போட்டுவிட்டு இலக்கைச் சரிபார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், வெயிலே இல்லாமலும் அது வெந்துவிடும்.

மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தது. துப்பாக்கி தாங்கியது, உன் முகம் பிழைத்தது.

இப்போது இதைச் சொல்: மான் எத்தனை யார்டில் நிற்கும்?

மலைக்காட்டான்

நான் மறைந்து உட்காருகிற பிளைண்டிலிருந்து தீவன டப்பா 110 யார்டு. வேலி ஓரம் அதிகபட்சம் 180. அதற்கு மேல் ஜூனிப்பர் புதர், ஒன்றும் தெரியாது.

பழைய போல்ட்

அப்படியானால் கணக்கைப் பார். இரண்டு லோடுக்கும் தனித்தனியாக 100 யார்டில் குறியைச் சரிசெய்துவிட்டால், 180 யார்டில் இரண்டும் விழுகிற உயரத்துக்கு நடுவே கால் அங்குலம் சொச்சம்தான் வித்தியாசம். 300 யார்டு என்றே வைத்துக்கொள். 200இல் சரிசெய்த துப்பாக்கியில் ஒரு அங்குலம். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில் அரை அங்குலம். வெள்ளைவால் மானின் நெஞ்சில் நாம் பிடிக்க வேண்டிய இடம் 8 அங்குல வட்டம்.

குண்டு விரிய வேண்டுமே என்பாய். உன் மாதிரிக் குண்டுக்குப் பொதுவாக 1,800 அடி வேகம் மிச்சம் இருந்தால் விரியும். 2,590இல் கிளம்பினாலும் 300 யார்டில் சுமார் 2,000 அடி இருக்கும். உன் 180 யார்டில் 2,200க்கு மேல். மான் ஒரு வித்தியாசமும் அறியாது.

அளவுகோல் (வட கரோலினா)

போல்ட் அண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இந்த இழையின் முதல் பதிவிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது, யாரும் தொடவில்லை. மலைக்காட்டான், அந்த 1¾ அங்குலமும் 0.9 அங்குலமும் எத்தனை குண்டு சுட்ட குரூப்? எத்தனை தடவை?

மலைக்காட்டான்

மூன்று மூன்று குண்டு அக்கா. ஒவ்வொன்றும் ஒரே தடவை.

அளவுகோல்

அப்படியானால் உங்களுக்கு எந்த லோடு துல்லியம் என்று இன்னும் தெரியாது. கடுமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம், நானும் பல வருஷம் இதே தப்பைச் செய்து பவுண்டு பவுண்டாக மருந்தைக் கரைத்தேன்.

குண்டுகள் நடுப்புள்ளியைச் சுற்றிச் சிதறுவது ஒரு தற்செயல். சிதறல் மாறாமல் இருந்தாலும் குரூப்பின் அளவு நீங்கள் எத்தனை சுட்டீர்கள் என்பதைப் பொறுத்தே மாறும். மூன்று மூன்றாகச் சுட்டு சராசரி 1 அங்குலம் காட்டுகிற துப்பாக்கி, அதே தோட்டாவை 10 குண்டாகச் சுட்டால் சராசரி 1.6 அங்குலம் காட்டும். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை. மூன்று குண்டு ஓரத்தைத் தேடிப் போவதற்குள் நாம் நிறுத்திவிட்டோம், அவ்வளவுதான்.

இன்னொன்று இதைவிட முக்கியம். மூன்று குண்டுக் குரூப் ஒவ்வொன்றுக்கும் நடுவே ஊசலாட்டம் மிகப் பெரியது. உண்மையில் சராசரி 1.3 அங்குலம் தருகிற ஒரே லோடு, ஒரு நாள் 0.9 தரும், பத்து நிமிஷம் கழித்து 1¾ தரும். இரண்டுமே அதற்கு இயல்புதான். ஆக உங்கள் வேகமான லோடும் மெதுவான லோடும் துல்லியத்தில் ஒரே மாதிரியாகவும் இருக்கலாம். "வேகம் ஏறினால் குரூப் கெடும்" என்று நாம் பேசுவதில் பாதி இப்படிப் பிறந்த நம்பிக்கை. மூன்று குண்டு சுட்டு, பிடித்த தாளை மட்டும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறோம்.

ஒரு லோடுக்குக் குறைந்தது 10 சுடுங்கள். ஒரே நாளில் வேண்டாம், ஐந்து ஐந்தாக இரண்டு நாள் சுட்டு, இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்.

மலைக்காட்டான்

10 குண்டு சுடுவது சரிதான் அக்கா, ஆனால் பிரைமர் விலையைப் பார்த்தால் கை நடுங்குகிறது. 2020இலிருந்து இரண்டு வருஷம் பிரைமரே கிடைக்காமல் அலைந்தோமே, அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

அளவுகோல்

புரிகிறது. ஆனால் எட்டு லோடை மூன்று மூன்றாகச் சுட்டால் 24 பிரைமர், தெரிந்துகொண்டது ஒன்றுமில்லை. இரண்டு லோடைப் பத்துப் பத்தாகச் சுட்டால் 20 பிரைமர், ஒரு பதில் கிடைக்கும்.

தெற்குக்காற்று (மெல்பர்ன்)

இந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. நாங்கள் இங்கே தேடிப் போவது கடமான். ஆமாம், நம் ஊர் மேற்கு மலையில் நிற்கிற அதே கடமான்தான். 1860களில் விக்டோரியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள், இப்போது கிழக்கு மலைக்காடு முழுக்கப் பெருகிக் கிடக்கிறது. முதல் முறை பள்ளத்தாக்கில் அது "பாங்" என்று குரல் கொடுத்ததைக் கேட்டபோது, சின்ன வயசில் அப்பாவோடு டாப்ஸ்லிப்பில் நின்றது நினைவுக்கு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கடமானுக்கு இங்கே சட்டப்படி .270 அங்குலத்துக்குக் குறைந்த குழல் கூடாது, குண்டு 130 கிரெய்னுக்குக் குறையக் கூடாது. பெரிய உடம்பு, தடித்த தோள். ஆனால் காடு அடர்த்தி. நான் சுட்டதெல்லாம் 40 யார்டிலிருந்து 120க்குள். என் .308இல் 180 கிரெய்ன் குண்டை 2,500 அடியில் ஓட்டுகிறேன். பக்கத்து வேட்டைக்காரர்கள் "ஏன் இவ்வளவு மெதுவாக?" என்பார்கள். அந்தத் தூரத்தில் வேகம் எனக்குத் தருவது இரண்டே: தோளில் கூடுதல் அடி, இறைச்சியில் கூடுதல் ரத்தக்கட்டு.

மருந்து பற்றி: வெயிலுக்கு அசையாத மருந்து வேண்டும் என்றால் நீங்கள் அங்கே வார்கெட் என்று வாங்குவது எங்கள் நியூ சவுத் வேல்ஸில் முல்வாலா ஆலையில் தயாராவதுதான். இங்கே அதன் பெயர் ஏஆர்2208. அங்கே எச்4350 என்பது இங்கே ஏஆர்2209. 40 டிகிரி செல்சியஸிலும் உறைபனியிலும் சுட்டிருக்கிறேன், குரோனோவில் வித்தியாசம் ரொம்பச் சின்னது. மலைக்காட்டான் கோடையிலும் சுடுபவர் என்றால் அந்தப் பக்கம் போகலாம்.

முருங்கைமரம் (நியூ ஜெர்சி)

எல்லாருக்கும் வணக்கம். ரீலோடிங், அதாவது தோட்டா அடைப்பது, ஆரம்பிக்க ஆசை. அதற்கான பிரஸ் இயந்திரம் இன்னும் வாங்கவில்லை. போல்ட் சார், .308க்கு நல்ல வேகமும் நல்ல குரூப்பும் தருகிற ஒரு லோடை, எந்த மருந்து எத்தனை கிரெய்ன் என்று சொன்னால் அப்படியே அடைத்துக்கொள்வேன். நான் எச்1பியில் இருக்கிறேன், அதனால் பிரச்சினை உண்டா?

பழைய போல்ட்

வா தம்பி. இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில், அதுதான் அவசரம். எச்1பி மாதிரி குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை மட்டும் அல்ல, தோட்டா வைத்திருப்பதையும் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. அந்த உரிமம் காலாவதியான நாளிலிருந்து விலக்கும் போய்விடும், நண்பன் கொடுத்த ஒரு பெட்டி தோட்டா அலமாரியில் இருந்தாலும் குற்றம். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. உன் மாநிலச் சட்டம் இதற்கு மேல் தனி. பிரஸ் வாங்குவதற்கு முன்னால் விசா வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் உட்கார். உன் வேலை, உன் குடும்பம் இதில் இருக்கிறது.

முதல் கேள்விக்கு: சொல்ல மாட்டேன், இங்கே வேறு யாரும் சொன்னாலும் எடுத்துக்கொள்ளாதே. என் லோடு என் சேம்பருக்கு, என் கேஸுக்கு, என் குண்டு உட்காருகிற ஆழத்துக்கு உரியது. மலைக்காட்டான் கதையை மறுபடி படி. கேஸும் வெயிலும் மாறியதற்கே போல்ட் இறுகியது. மருந்து நிறுவனமும் குண்டு நிறுவனமும் அழுத்தக் கருவி வைத்துச் சுட்டுப் பார்த்து வெளியிடுகிற புத்தகம் இருக்கிறது. அதில் உன் குண்டின் எடைக்கு நேரே ஆரம்ப அளவு இருக்கும். அங்கிருந்து மேலே வா. தராசைத் தினமும் சோதனை எடைக்கல் வைத்துப் பார். கிரெய்ன் என்பது பவுண்டில் 7,000இல் ஒரு பங்கு. ஒரு கிரெய்ன் என்றாலே 65 மில்லிகிராம்தான், விரல் பட்டாலும் மின்விசிறி ஓடினாலும் முள் ஏமாற்றும்.

இங்கே வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு உண்டு, முதலில் அதில் சேர். ஒரு வருஷம் கடைத் தோட்டாவே சுடு. கேஸைச் சேர்த்து வை.

முருங்கைமரம்

நன்றி சார். விசா விஷயம் சுத்தமாகத் தெரியாது. அறைத்தோழன் ஊர் மாறிப் போகும்போது கொடுத்த இரண்டு பெட்டி வீட்டில் இருந்தது, இன்றே அவன் அண்ணனைக் கூப்பிட்டு எடுத்துப்போகச் சொல்லிவிட்டேன்.

செப்புக்குண்டு (கலிஃபோர்னியா)

இழை முழுக்க "வேகம் தேவையில்லை" என்று ஒரே பக்கமாகச் சாய்கிறது. எங்கள் நிலைமையையும் கேளுங்கள்.

கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1இலிருந்து எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. காரணம் காண்டோர் கழுகு. 1982இல் உலகத்திலேயே 22தான் மிச்சம் இருந்தன. மானின் குடலை வேட்டைக்காரன் விட்டுப்போன இடத்தில் அவை இறங்கித் தின்னும்போது, குண்டிலிருந்து உடைந்த ஈயத் துகளும் வயிற்றுக்குள் போகிறது. அந்தத் துகள் எவ்வளவு தூரம் பரவும் என்பதை ஒரு மானின் எக்ஸ்ரேயில் பார்த்தேன். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு என் பிள்ளைகளுக்குச் சமைக்கிற இறைச்சிக்காகவும் நான் செம்புக்கு மாறினேன். சட்டம் இல்லாவிட்டாலும் திரும்பப் போக மாட்டேன்.

ஆனால் செம்பு ஈயத்தைவிட லேசு. கன சென்டிமீட்டருக்கு ஈயம் 11.3 கிராம், செம்பு 9 கிராம்கூட இல்லை. அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாகிறது, கேஸுக்குள் மருந்தின் இடத்தைத் தின்கிறது, அதைச் சுழற்றக் குழலின் வரிப்பள்ளத்தில் வேகமான திருகு வேண்டும். செம்பு கடினமும் கூட. என் குண்டுக்குத் தயாரிப்பாளர் சொல்கிற கீழ்வரம்பு 2,000 அடி. அதற்குக் கீழே பூ மாதிரி விரியாமல் பென்சில் போட்ட துளையாகப் போய்விடும். 165 கிரெய்ன் செம்பை 2,590இல் அனுப்பினால் 300 யார்டிலேயே விளிம்புக்கு வந்துவிடுவேன். மலையில் எனக்கு 300 சாதாரணம்.

ஆக எனக்கு வேகம் அலங்காரம் இல்லை. வேகத்தில் முடிவெடுத்த பிறகுதான் குரூப்பைப் பார்க்கிறேன்.

பழைய போல்ட்

நீ சொல்வது முழுக்கச் சரி. நான் 180 யார்டு ஈயக் குண்டுக்குச் சொன்னதை எல்லாருக்கும் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த வேகத்தை எப்படிச் சம்பாதித்தாய்? மருந்தை ஏற்றியா?

செப்புக்குண்டு

இல்லை. குண்டை இறக்கினேன். 165இலிருந்து 130 கிரெய்னுக்கு. புத்தக வரம்புக்குள்ளேயே 3,000 அடியை ஒட்டி வருகிறது. செம்பு உடைந்து சிதறாது, எடையைக் கடைசிவரை வைத்திருக்கும், அதனால் 130ஏ ஆழமாகப் போகிறது. காற்றில் 165ஐவிடக் கொஞ்சம் கூட நகரும், அதை ஏற்றுக்கொண்டேன்.

துல்லியத்துக்கு நான் செய்தது மருந்தில் அல்ல, ஆழத்தில். செம்புக் குண்டு குழலின் வரிப்பள்ளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் என் துப்பாக்கிக்குப் பிடிக்கவில்லை. 0.05 அங்குலம் பின்னால் தள்ளி உட்கார வைத்ததும் குரூப் அடங்கியது. பத்துக் குண்டில் 1.4 அங்குலம், அக்கா கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்.

அளவுகோல்

1.4 உண்மையான எண். மான் வேட்டைக்கு அருமையான லோடு.

நான் சுடுவது வேட்டை அல்ல, 600 யார்டு படுத்துச் சுடுகிற போட்டி. அங்கே இன்னொரு கணக்கு வருகிறது, அதையும் எழுதிவிடுகிறேன். வேகம் எவ்வளவு என்பது ஒன்று, வேகம் எவ்வளவு ஒரே மாதிரி என்பது வேறொன்று. 168 கிரெய்ன் குண்டு 2,650 சராசரியில் போகிறது, ஆனால் ஒரு தோட்டா 2,625, இன்னொன்று 2,675 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த 50 அடி 100 யார்டில் பத்தில் ஒரு பங்கு அங்குலம்தான் உயர வித்தியாசம் தரும், கண்ணுக்கே தெரியாது. 300 யார்டில் ஒரு அங்குலம். 600 யார்டில் சுமார் 5 அங்குலம். அங்கே பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 12 அங்குலம். கிட்டத்தட்ட பாதியை என் மருந்துத் தராசே தின்றுவிடுகிறது. அதனால் 100 யார்டில் அழகாக இருந்த லோடு 600இல் மேலும் கீழும் கோடு போடும், நாம் காற்றைத் திட்டிக்கொண்டிருப்போம்.

எனக்கு 40 அடி வேகமும் சீரான மருந்தும் இரண்டில் ஒன்றுதான் என்றால் சீரைத்தான் எடுப்பேன். காற்று மாதிரியே உயரமும் என் கையில் இல்லாமல் போனால் நான் எதைத் திருத்துவது?

இதற்காகத்தான் கிரைட்டன் ஆடெட் என்கிற போட்டிச் சுடுநர் ஏணிச் சோதனை என்று ஒன்றைச் சொல்லிவைத்தார். மருந்தைச் சின்னச் சின்னப் படியாக ஏற்றி ஒவ்வொன்றையும் தூரத்தில் சுட்டு, எந்த இடத்தில் அடுத்தடுத்த குண்டுகள் ஒரே உயரத்தில் விழுகின்றன என்று பார்ப்பது. நானும் நம்பிச் செய்தேன். படிக்கு ஒரு குண்டு, ஏணியில் ஒரு தட்டையான இடம் தெரிந்தது, அதையே பிடித்துக்கொண்டேன். மறுமாதம் திரும்பச் செய்தால் தட்டை வேறு இடத்தில். ஐந்து தடவை செய்து ஐந்தையும் சேர்த்து வரைந்தபோது மிஞ்சியது மேலே போகிற நேர்கோடு ஒன்றே. மற்றவர்கள் அனுபவம் வேறாக இருக்கலாம், என் துப்பாக்கியில் மந்திரப் புள்ளி எதுவும் இல்லை. எனக்கு உதவியது நல்ல கேஸ், கேஸின் கழுத்து இறுக்கம் ஒரே மாதிரி இருக்க ஒவ்வொரு சுற்றிலும் அதைச் சூடேற்றிப் பதப்படுத்துவது, 0.1 கிரெய்னுக்குள் நிற்கிற தராசு. .308இல் 0.1 கிரெய்ன் ஐந்தாறு அடி வேகம். அதற்கு மேல் துல்லியமாக அளந்து பயனில்லை.

தெற்குக்காற்று

அக்கா, இந்த ஏணி விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. குழல் அதிர்வது உண்மை. மெல்லிய வேட்டைக் குழலில் மருந்து மாறினால் குரூப் விழுகிற இடம் பக்கவாட்டில் நகர்வதை நானே பார்த்திருக்கிறேன். அதைச் சும்மா தற்செயல் என்று தள்ள முடியாது.

அளவுகோல்

நகர்வதை மறுக்கவில்லை. மையம் நகரும், அது திரும்பச் சுட்டாலும் அதே இடத்துக்கு நகரும். நான் சந்தேகப்படுவது "இந்த மருந்தளவில் மட்டும் சிதறல் சுருங்கும்" என்பதை. உங்களிடம் பத்துப் பத்தாகச் சுட்ட தாள் இருந்தால் போடுங்கள், ஆசையாகப் பார்ப்பேன். என் கருத்தை மாற்றிக்கொள்ளவும் தயார்.

மலைக்காட்டான்

நாலு வாரம் கழித்து வருகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

ராணுவ கேஸ் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். ஒரே நிறுவனத்தின் 50 புது கேஸ். மருந்து தெற்குக்காற்று சொன்ன வார்கெட். புத்தகத்தின் ஆரம்ப அளவிலிருந்து படிப்படியாக ஏற்றினேன். உச்சத்துக்கு ஒரு கிரெய்ன் முன்னாலேயே 2,640 வந்தது. 24 அங்குலக் குழலுக்குப் புத்தகம் சொல்வதில் என் குட்டைக் குழலுக்கு உரியதைக் கழித்தால் ஒத்துப்போகிறது, அதில் நிறுத்தினேன். முன்னே இந்த இடத்தில் நான் நிறுத்தியதே இல்லை. இன்னும் ஒரு கிரெய்ன் இருக்கிறதே என்று கை போகும்.

பழைய 0.9 அங்குல லோடையும் இதையும் பத்துப் பத்தாக, இரண்டு சனிக்கிழமையில் பிரித்துச் சுட்டேன். தாளைச் சேர்த்து வைத்துப் பார்த்ததில் 2,590 லோடு 1.5 அங்குலம். 2,640 லோடு 1.4. அக்கா சொன்ன மாதிரியே அந்த 0.9 திரும்பி வரவே இல்லை. 50 அடி கூடுதலாக வந்தும் குரூப் கெடவில்லை. ஜனவரியிலிருந்து நான் மண்டையை உடைத்துக்கொண்ட போட்டி இந்த இரண்டுக்கும் நடுவே இல்லவே இல்லை.

வெயிலுக்கும் சோதித்தேன். ஐந்து தோட்டாவைக் காரின் டாஷ்போர்டில் வைக்கலாமா என்று யோசித்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். காலை 8 மணிக்கு ஐந்து, மதியம் 3 மணிக்கு நிழலில் வைத்திருந்த ஐந்து. வெயில் காலையில் 71 டிகிரி ஃபாரன்ஹீட், மதியம் 96. சராசரியில் 9 அடிதான் வித்தியாசம். போல்ட் ஒற்றை விரலில் திறந்தது. பிரைமரின் விளிம்பு வட்டமாக அப்படியே இருந்தது.

பிறகு பெஞ்சை விட்டு எழுந்து, பிளைண்டில் உட்காருகிற மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்து, ஜன்னல் சட்டத்துக்குப் பதிலாக ஒரு மரக்கட்டையில் சாய்த்து 180 யார்டில் பத்து சுட்டேன். 5¼ அங்குலம். தோட்டாவின் பங்கு இரண்டரை அங்குலம் இருக்குமா? மீதி நான்.

பழைய போல்ட்

அந்தக் கடைசிப் பத்துதான் இந்த இழையிலேயே எனக்குப் பிடித்தது. நான் மண்டியிட்டு 200 யார்டில் சுட்டால் 6 அங்குலம், முப்பது வருஷப் பழக்கத்துக்குப் பிறகும். ஒன்று கேட்கிறேன்: சுத்தம் செய்த குளிர்ந்த குழலில் முதல் குண்டு எங்கே விழுகிறது என்று பார்த்தாயா? மானுக்குப் போவது அந்தக் குண்டுதான்.

மலைக்காட்டான்

பார்க்கவில்லை அண்ணே. மூன்று காலை தனித்தனியாக ஒவ்வொரு குண்டு சுட்டு, ஒரே தாளில் குறித்துப் போடுகிறேன். 26 தோட்டா மிச்சம் இருக்கிறது.